பஸ்ஸில் போகிறவர்களுக்கு மட்டும்

கிட்ட வந்து உட்காருங்க டீச்சர். அந்தக் கல் சுடும், வெயில் ஏறிவிட்டது. இப்படி வண்டி நிழலுக்கு வந்துவிடுங்க. உங்க பஸ் வர நேரம் கிடக்கிறது. வந்தால் நானே கை காட்டி நிறுத்துவேன். இந்த விலக்கில் கொம்பையா கை காட்டி நிற்காத பஸ் கிடையாது. டிரைவர், கண்டக்டர் எல்லாம் நம்ம பிள்ளைகள் மாதிரி. சுண்டல் வாசனை பட்டால் தானாகவே பிரேக் போட்டுவிடுவார்கள்.

சாப்பிடுங்க. காசு பேச்சே வேண்டாம். ஊருக்குப் புதுசாக வந்த டீச்சரிடம் முதல் தடவை காசு வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து வேலிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிள்ளையிடம் கேட்டீங்களே, "இவ்வளவு நல்லா வேலி போட்டிருக்கீங்க, உள்ள ஏன் ஒரு செடிகூட இல்லை" என்று. நான் இங்கே இருந்தே கேட்டேன். எனக்கு வாசிக்கத்தான் கண் மங்கல், காது அப்படியே இருக்கிறது. அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் ஓடிவிட்டது. அது சொல்லாது. பெரிய சாரிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நான் சொல்கிறேன். எனக்கு மறைக்கிறதுக்கு என்ன இருக்கிறது?

அந்தத் தோட்டம் சுபிக்ஷா போட்டது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் மண்ணைக் கொத்தினார்கள், ஆனால் அவள் போட்டதுதான். அவள் போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் அவளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் இல்லையா, அதனால் ஊற்றவில்லை. பிள்ளைகளுக்கும் தெரியும் டீச்சர், எதைப் பேசாமல் இருக்கணும் என்று.

அவளும் அவள் அம்மாவும் போன வருஷம் ஆடியில் இதே இடத்தில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அம்மா பெயர் சங்கரேஸ்வரி, நாங்கள் ஈஸ்வரி என்போம். கையில் ஒரே ஒரு கட்டைப்பை. அம்மாக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மகள் என்ன கேட்டாள் தெரியுமா? "தாத்தா, இந்த ஊர்ல ஸ்கூல் எங்க இருக்கு?" தங்க வீடு எங்கே, சாப்பிடக் கடை எங்கே என்று கேட்கவில்லை. ஸ்கூல். நான் பின்னால் கை காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இங்கயே இருந்துக்கலாம்மா" என்றாள். ஏதோ பெரிய மனுஷி முடிவு பண்ணுகிற மாதிரி.

ஈஸ்வரி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கப் போனாள். ஆபீசுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரு அறை. பெரிய சார் நல்ல மனுஷர், டி.சி. எதுவும் கேட்காமல் பிள்ளையை ஏழாவதில் உட்கார வைத்துவிட்டார்.

எதற்கு ஓடி வந்தார்கள் என்று கேட்கிறீங்க. நானும் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. சுண்டல் வாங்க வரும்போது கொஞ்சம், மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது கொஞ்சம், அப்படித்தான் வெளியே வந்தது. ஈஸ்வரிக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, ஈஸ்வரி புருஷனுடைய அக்கா மகனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். முதல் பிரசவத்தில் குழந்தையும் போய், அவளும் போய்விட்டாள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவினதும் பேசி முடித்துவிட்டார்கள். மூத்தவள் இருந்த இடத்துக்கு இளையவள். வயசுக்கு வந்ததும் கட்டிவிடுவது. அப்பாக்காரன் சரி என்று தலையை ஆட்டிவிட்டான். ஈஸ்வரி அன்றைக்கு எச்சில் இலைகளை எடுத்துப் போட்டாள். அடுத்த சந்தை நாளில் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினவள்தான்.

அது அந்தப் பக்கத்துப் பழக்கம் டீச்சர். நம்ம பக்கமும் முந்தி உண்டு, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். என் சித்தி அப்படி வந்தவள்தான், அவளுடைய அக்கா இருந்த வீட்டுக்கு. நல்லாத்தான் இருந்தாள். யாரிடமும் பேச மாட்டாள், அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பிள்ளை படிக்கிற பிள்ளை. இதைக் கொண்டுபோய் அங்கே தள்ளுவது பாவம் என்று எனக்கே தெரிந்தது. அதனால் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஊருக்குள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அவள் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வந்தேன். உங்களுக்கு முன்னால் இருந்தார்களே மெர்சி டீச்சர், நல்லவர்கள்தான், ஆனால் என் வயிற்றில் அடித்தார்கள். "ஆரோக்கிய உணவு" என்று ஒரு வாரம் கொண்டாடினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் என் வண்டியில் இருந்த கலர் வத்தல், ஊறுகாய் மிட்டாய், சிவப்பு ஐஸ் எல்லாம் கேட் பக்கமே வரக்கூடாது என்று சட்டம். பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுப்போகுமாம். நான் இத்தனை வருஷமாக விற்றேன், எந்தப் பிள்ளை கெட்டது? அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்து, அதுகளும் என்னிடம்தான் வாங்குகின்றன! சொன்னால் யார் கேட்கிறார்கள். தலையில் கையை வைத்து இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சுபி வந்தாள். "தாத்தா, சுண்டல் போடுங்க."

"சுண்டலை எவன் பாப்பா காசு குடுத்து வாங்குவான்? கோயில்ல சும்மா குடுக்கிறதை?"

"கோயில்ல பொடி போட்டுக் குடுக்கறாங்களா?"

"என்ன பொடி?"

"இருங்க, முட்டையில பார்த்துட்டு வந்து சொல்றேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்துணவில் முருங்கைக்கீரை போட்டால் பிள்ளைகள் கீரையைப் பொறுக்கி எடுத்துக் குழாயடிச் சுவரில் அப்பிவிட்டுப் போகும். சுவரே பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருக்கும். ஆயாம்மாவும் திட்டிப் பார்த்தாள், மெர்சி டீச்சரும் பாட்டுக் கட்டிச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். சுபி மட்டும் திட்டவும் இல்லை, பாடவும் இல்லை. தட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "கீரையை எறியறாங்க, சோத்தை எறியறாங்க, ஆனா ஒருத்தன்கூட முட்டையை எறிய மாட்டேங்கறான் தாத்தா" என்றாள். அதனால் கீரையை முட்டை மேல் ஏற்றிவிட்டாள். முருங்கை இலையை நிழலில் காயப் போட்டு, பொட்டுக்கடலை, வத்தல், பூண்டு, உப்பு வறுத்துச் சேர்த்து, லைன் வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மிக்ஸி உண்டு, அதில் அரைத்து ஈஸ்வரி கொடுத்துவிட்டாள். முட்டையை இரண்டாக அறுத்து மேலே தூவினார்கள். பிள்ளைகள் தட்டை நக்கின. "இன்னும் கொஞ்சம் தூவுங்கக்கா" என்று ஆயாம்மாவிடம் சண்டை.

அந்தப் பொடிக்காகத்தான் தோட்டம். இலை வேண்டுமே. வேலி ஓரம் பூராவும் முருங்கைக் கிளையை வெட்டிப் போத்து நட்டார்கள், நடுவில் வெண்டை, தண்டங்கீரை. மெர்சி டீச்சர் அதை அவளுடைய புராஜெக்ட் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு டப்பா பொடி தனியாக வந்தது. சுண்டலில் தூவிப் பார்த்தேன். அய்யோ, அதை என்ன சொல்ல! பஸ்ஸில் இருந்தவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இன்னொன்று கேட்டான். கலர் வத்தல் விற்ற காலத்தில்கூட என் வண்டிக்கு அந்த மரியாதை கிடையாது.

"என்ன தாத்தா, கோயில் சுண்டல் எப்படிப் போகுது?" என்று நக்கல் பண்ணுவாள்.

"நீ பெரிய ஆளுதான் தாயி, போ" என்பேன்.

இதெல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் பெரிய சாருக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு செய்தித்தாள் போடணும். "நம்ம பள்ளிச் செய்தி" என்று பெயர். ஒரே தாள், மடித்தால் நாலு பக்கம். அச்சாபீஸ்காரர் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். முன்பக்கத்தில் ஆரோக்கிய உணவு, உள்ளே பிள்ளைகளுடைய புராஜெக்ட், கடைசிப் பக்கத்தில் "குடும்பத்தின் துணை" என்று பெற்றோருக்குப் புத்திமதி. கேட்டுக்கு வெளியே நல்ல தின்பண்டம் விற்கிறார் என்று என்னையும் போடப்போகிறேன் என்றார். நான் அன்றைக்கே போய்ச் சவரம் பண்ணிக்கொண்டேன்.

ஈஸ்வரி முதலிலேயே மெர்சி டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தாள், என் மகளைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதுங்க, படம் மட்டும் வேண்டாம் என்று. என்னிடமும் சொல்லியிருந்தாள். படம் எடுக்க வந்த அன்றைக்கு மெர்சி டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டார்கள். பெரிய சார் போனைத் தூக்கிக்கொண்டு வண்டி முன்னால் நின்றார். நான் தனியாக நின்றால் நன்றாகவா இருக்கும்? பொடி அவளுடையது, பெயர் மட்டும் எனக்கா? நான் அப்படிப்பட்டவன் இல்லை டீச்சர். "ஏ பாப்பா, இங்க வா, நீயும் நில்லு" என்று கூப்பிட்டேன்.

வர மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். பொடி டப்பாவைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "டப்பாவை இறக்கு தாயி, மூஞ்சி தெரியணும்" என்றேன்.

"அம்மா வையும் தாத்தா."

"உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிற தாளு, இதை எவன் பார்க்கப்போறான்?"

இறக்கினாள். படம் அழகாக விழுந்திருந்தது. என்னைவிட அவள்தான் தெளிவு.

தாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கினதும் முதல் தாளை நான்தான் வாங்கினேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே பொழுது போய்விடும், அதனால் அவளையே வாசிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பெயர், ஊர் பெயர், "ஏழாம் வகுப்பு மாணவி சுபிக்ஷாவின் முருங்கைப் பொடியும் கொம்பையா அவர்களின் சத்துமிக்க சுண்டலும்." அவர்கள்! என்னை அவர்கள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கடைசிப் பக்கத்தையும் வாசித்தாள். "தாயும் தந்தையும் சேர்ந்து அமர்ந்து உண்ணும் வீட்டில் குழந்தையின் மனம் வளரும்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வாசித்து முடித்து மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "தாத்தா, இது மாதிரி எவ்வளவு அடிச்சிருக்காங்க?" என்று கேட்டாள். நான், "நிறைய" என்றேன், பெருமையாக.

சாயங்காலம் ஈஸ்வரி தீப்பெட்டி ஆபீசிலிருந்து பாதி வேலையில் ஓடி வந்தாள். பெரிய சார் அறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. "சார், என் பிள்ளையைக் காட்டிக் குடுத்துட்டீங்களே சார்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். பெரிய சாருக்கு அப்போதுதான் முழு விவரமும் தெரிந்தது. பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு தாளும் வெளிய போகாதும்மா, நான் பொறுப்பு" என்றார். சொன்ன மாதிரியே ஒரு பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. கட்டுகளை என்னிடம் கொடுத்து, "அண்ணாச்சி, உங்க அடுப்புல போட்டு எரிச்சிடுங்க, ஊருக்குள்ள ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது" என்றார்.

நான் எரிக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். சத்தியமாக எரிக்கத்தான். கடலை வேக வைக்கிற அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முதல் தாளைப் பிரித்தேன். பிள்ளை சிரிக்கிறது. பக்கத்தில் நான் நிற்கிறேன். உயிரோடு இருக்கிற ஆளுடைய படத்தை யாராவது நெருப்பில் போடுவார்களா டீச்சர்? நீங்க போடுவீங்களா? அதுவும் பச்சைப் பிள்ளை. முகம் கருகிச் சுருளுவதைப் பார்க்க எந்த மனசு வரும்? அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பழி யாருக்கு? என் வீட்டுக்காரி இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எரிக்கவில்லை.

கிழித்துப் போடவும் மனசு இல்லை. தெருவில் போட்டால் மிதிபடும். அதனால் ஒரு நல்ல வழி யோசித்தேன். பொட்டலத்துக்கு வைத்துக்கொண்டேன். இல்லை, பதறாதீங்க, பெரிய சார் சொன்னதை நான் மீறவில்லை. ஊருக்குள் ஒருத்தர் கைக்கும் அந்தத் தாளைக் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு வேறு பழைய பேப்பர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு மட்டும்தான் அது. அவர்கள் யாரோ எவரோ, தின்றுவிட்டு ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு நம்ம ஊர் வம்பு எதற்கு? அதிலும் பாருங்க, எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து, படத்தை வெளியே வைத்துத்தான் சுருட்டுவேன். சுண்டல் எண்ணெய் பிள்ளை முகத்தில் படக்கூடாது இல்லையா.

தேனி பஸ், ராஜபாளையம் பஸ், திருச்செந்தூர் பஸ், எல்லாவற்றிலும் போனது. சில பேர், "பெரியவரே, இது நீங்கதானா?" என்று படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் காலத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் தேனி பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்பிட்டுப் பேசுகிற ஆட்கள். ஒருத்தர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்புக் கலையாமல், சுருட்டின சுருக்கத்தோடு, உள்பக்கம் எண்ணெய் இறங்கி இருந்தது. "ஐயா, இந்தப் படத்தில இருக்கிறது நீங்கதானே?"

"நானேதான்!" என்றேன். எங்கேயோ மலையடிவாரத்து ஊர்க்காரனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறதே!

"பக்கத்தில நிக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாத் தெரியுது. வீடு எங்க?"

வெளியூரிலிருந்து வந்து மரியாதையாக வழி கேட்கிறவனுக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் என்றேன். கேட்டவன் பரமன், அவளுடைய அப்பா. கூட வந்தவர் ஈஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? இரண்டு பொட்டலம் வாங்கினார்கள். பாக்கிச் சில்லறைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தாள் அவன் கைக்கு எப்படிப் போனது என்றுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. அச்சாபீஸ்காரன் வேலையாகத்தான் இருக்கும். அவனுக்கு வாய் நீளம்.

அப்புறம் நடந்ததெல்லாம் பெரிய சார் அறையில். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பரமன் சத்தமே போடவில்லை டீச்சர். அதுதான் ஆச்சரியம். சத்தம் போட்டிருந்தால் நாலு பேர் சேர்ந்து விரட்டியிருப்போம். தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை நீட்டினான். "சார், நீங்களே போட்டிருக்கீங்க. தாயும் தகப்பனும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாத்தான் பிள்ளை மனசு வளரும்னு. நான் தகப்பன். என்னை விட்டுட்டு இவங்க இங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார்.

மெர்சி டீச்சர் விடவில்லை. பிள்ளைகளுக்கு என்று ஒரு நம்பர் இருக்கிறதாமே, அதற்குப் போன் போட்டார்கள். ஜீப்பில் ஓர் அம்மா வந்தார்கள். ஈஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள், மூத்தவள் செத்தது, பேசி முடித்தது எல்லாம். பரமன் சிரித்தான். "கல்யாணமா? இந்தப் பச்சைப் பிள்ளைக்கா? யாரு மேடம் சொன்னது? மூத்தது போனதிலேருந்து இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பிள்ளை பேரு எங்க ஊர் ஸ்கூல்ல இன்னும் அப்படியே இருக்கு. படிக்க வைக்கத்தான் கூட்டிட்டுப் போறேன்." கூடப்பிறந்த அண்ணனைக் கேட்டார்கள். அவர் தங்கச்சி முகத்தைப் பார்க்காமல், "மச்சான் சொல்றது சரிதான்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

ஜீப் அம்மா பிள்ளையையும் கேட்டார்கள். அவள் "எனக்கு இங்க படிக்கணும்" என்றாள். "அங்கயும் ஸ்கூல் இருக்கு இல்லம்மா" என்றார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பக்கத்து ஆபீசுக்கும் சொல்லி வைக்கிறோம், அப்படி ஏதாவது நடந்தால் உடனே கூப்பிடுங்க, வந்து நிறுத்திவிடுவோம் என்றார்கள். மெர்சி டீச்சர், "நடந்தா யாரு மேடம் கூப்பிடுவாங்க? அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்கள். ஜீப் அம்மா பேனாவை மூடிப் பையில் வைத்தார்கள். நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள், அவர்களுக்கும் அவ்வளவுதான் முடியும் போல.

லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து ஈஸ்வரிக்குப் புத்தி சொன்னார்கள். நானும் சொன்னேன். "போ தாயி, மனுஷன் தேடி வந்து கூப்பிடுறான், அடிக்கலை, வையலை. நல்லவனாத்தான் தெரியுறான். கூட இருந்து பிள்ளையைப் பார்த்துக்கோ" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அவரு இங்க எப்படி வந்தாரு?"

"தேனி பஸ்லதான் தாயி" என்றேன்.

அதற்கு அப்புறம் அவள் என்னிடம் பேசவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை. வருத்தத்தில் இருக்கிற ஆளிடம் நாம் கோபித்துக்கொள்ள முடியுமா?

மகளைத் தனியாக அனுப்ப மாட்டாள் இல்லையா, ஈஸ்வரியும் கூடவே கிளம்பிவிட்டாள். மெர்சி டீச்சர் ரொம்ப நாள் அந்த ஊருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில், பிள்ளை வரவே இல்லை என்றார்களாம். அந்த நம்பருக்கும் மறுபடி சொன்னார்கள். போய்ப் பார்த்தோம், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பதில் வந்தது. தை மாதம் மெர்சி டீச்சர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க. நானும் தேனி பஸ் கண்டக்டர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவர்கள் கிளம்பினது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரமன் மகளுக்குப் புதுப் பாவாடை, சட்டை, வளையல் எல்லாம் வாங்கி வந்திருந்தான். அவள் அதைத் தொடவில்லை. லீவு நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தலையை இழுத்துப் பின்னி ரிப்பன் கட்டி, பையை முதுகில் மாட்டி, ஏதோ பரீட்சைக்குப் போகிற மாதிரி.  வழியில் பசிக்குமே என்று ஒரு பொட்டலம் சுருட்டி நீட்டினேன். பஸ்ஸில் போகிறவள் இல்லையா, அந்தத் தாளில்தான் சுருட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, இதை யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

"ஊருக்குள்ள ஒருத்தருக்கும் குடுக்கலை பாப்பா, உன் மேல சத்தியம். பஸ்ல போறவங்களுக்கு மட்டும்தான்."

கோபப்படவே இல்லை டீச்சர். அழவும் இல்லை. தூரத்தில் தேனி பஸ் திரும்புவது தெரிந்தது. அதைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள், மறுபடி பஸ்ஸைப் பார்த்தாள். யோசனை வந்தால் கீழ் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வாள், அப்படிக் கடித்துக்கொண்டாள். "இவ்வளவு தூரம் போகுதா" என்று மெல்லச் சொன்னாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. பொட்டலத்தை வண்டி மேல் வைத்துவிட்டு ஏறினாள்.

நான் கை காட்டின பஸ் அது. கூட்டம் அதிகம். பரமன் முன்னால் இடம் பிடித்து, "வாம்மா, உக்காரு" என்றான். ஈஸ்வரி உட்கார்ந்தாள். இவள் உட்காரவில்லை. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முகம் தெரிகிற மாதிரி நின்றாள். காலையில் பிரேயரில் மைக் முன்னால் நின்று செய்தி வாசிக்கிற பிள்ளை அவள். அதே குரல். எனக்கு ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு சுபிக்ஷா. எனக்குப் பன்னிரண்டு வயசு. இந்த ஊர் ஸ்கூல்ல ஏழாவது படிக்கிறேன். எங்க அக்கா பிரசவத்துல இறந்துட்டாங்க. அக்கா வீட்டுக்காரருக்கே என்னைக் கட்டி வைக்கக் கூட்டிட்டுப் போறாங்க. இவங்க எங்கப்பா. இவங்க எங்க மாமா. நாங்க போற ஊரு செங்காட்டுப்பட்டி. நீங்க இறங்குற ஊர்ல யார்கிட்டயாவது சொல்லுங்க."

 பரமன் அவள் கையைப் பிடித்து இழுத்தான், அவள் கம்பியை விடவில்லை. மாமாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஓர் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒரு பையன் காதில் இருந்ததை எடுத்துவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டான். கண்டக்டர் நம்ம ஆள்தான், என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்ல? "உக்காரு பாப்பா, விழுந்துருவ" என்று சொல்லி விசில் கொடுத்தார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

பின் சீட்டில் இருக்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, பஸ் நகர நகர, கம்பியை இறுக்கிப் பிடித்தபடி அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.